அடித்துத் திருத்திய ‘ள்’

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். அப்பாவின் கோபமும் சுகம். நாளுக்கு நாள் தேறி வருகிறது. மாமா படியில் வழுக்கி விழுந்ததாக, உங்களுக்குச் சாமானும் தபாலும் கொண்டுபோகும் வண்டி டிரைவர் சொன்னார். முட்டி இப்போது எப்படி இருக்கிறது?

ஒரு விஷயம். அப்பா தன் பழைய ஆபீஸ் நண்பரிடம் வாக்குக் கொடுத்துவிட்டார். ஆகஸ்ட் கடைசியில் அவர் வீட்டுக்குப் போய் அவர் மகளை எனக்காகப் பார்ப்பதாக. என்னைக் கேட்கவில்லை. கேட்டுவிட்டதாக அவர் நினைத்துக்கொண்டிருக்கிறார். சாப்பிடும்போது, "ஆகஸ்ட்ல ரெண்டு நாள் லீவு போட்டுக்கடா, நல்ல காரியம்" என்றார். எனக்கு வாய் நிறையச் சாப்பாடு. தலையை ஆட்டித் தொலைத்துவிட்டேன்.

எனக்கு அங்கே போக இஷ்டமில்லை. ஏன் என்று கடிதத்தில் எழுத முடியாது. அப்பாவிடம் பேசி ஜெயித்த ஒரே ஆள் நீதான். காட்டுக்குள் வேலைக்குப் போகிறேன் என்று நீ சொன்னபோது அவர் குதித்த குதி எனக்கு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. உங்கள் பள்ளத்தாக்கில் ஃபோன் சிக்னலும் கிடையாது. ஆகஸ்டுக்குள் ஒரு தரம் நேரில் வந்து அவரிடம் பேசிவிட்டுப் போ அக்கா. நீ வந்தால்தான் உண்டு.

உன் தம்பி,
வாலு

ஏப்ரல் 21

அடேய் வாலு,

உன் கடிதம் வெங்காய மூட்டைக்கு அடியில் வந்து சேர்ந்தது. பிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. பாசம் என்று நினைத்துக்கொள்ளாதே.

நான் நன்றாக இருக்கிறேன். உன் மாமாதான் முட்டியில் பட்டை கட்டிக்கொண்டு நாற்காலியில் மகாராஜா மாதிரி உட்கார்ந்திருக்கிறார். இந்த ஆற்றின் நீர்மட்டத்தை அளந்து கீழே இருக்கும் ஊர்களுக்கு வயர்லெஸ்ஸில் சொல்ல வேண்டியது எங்கள் இரண்டு பேர் வேலை. மழைக்கு முன்னால் புதுக் கருவி ஒன்று அனுப்பியிருக்கிறார்கள். ஆற்றோரம் நட்டுவிட்டால் தானே அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிடும். ஆனால் கம்ப்யூட்டரில் இருக்கிற மென்பொருள் பழசு. புதுக் கருவி சொல்வது அதற்கு விளங்கவில்லை. புதுசு இன்டர்நெட்டில் இருக்கிறதாம். இன்டர்நெட் இங்கே இல்லை. தலைமை அலுவலகத்தில் கேட்டால், "ஏற்பாடு பண்றோம்" என்கிறார்கள். அவர்கள் ஏற்பாடு பண்ணுவதற்குள் ஆறே வற்றிவிடும்.

அதுவரைக்கும் பகலும் இரவும் படியிறங்கி, தண்ணீரில் நிற்கிற அளவுக்கம்பத்தைப் பார்த்து எழுதுவது நான்தான். நான் கிளம்பிவிட்டால் இறங்க ஆளில்லை. "நீ போயிட்டு வா, நான் உக்காந்து உக்காந்தே இறங்கிடுவேன்" என்கிறார் மாமா. ஏறுவது எப்படி என்று கேட்டேன். டீ இருக்கிறதா என்றார்.

ஆக, புது மென்பொருள் ஏறினால் மாமா நாற்காலியிலிருந்தே பார்த்துக்கொள்வார். நான் அடுத்த வண்டியில் வீட்டில் இருப்பேன். ஏறாவிட்டால் கிடையாது. பெயரைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன், எப்படியாவது தேடி அனுப்பு. லினக்ஸ் கம்ப்யூட்டர். 32 பிட்டா 64 பிட்டா என்று கேட்பார்களாம். 64. பெட்டி மேலேயே ஒட்டியிருக்கிறது.

எழுத முடியாத காரணம் என்று உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அதையும் எழுது.

அக்கா

மே 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். மாமாவின் முட்டியும் நீயும் நலமா?

எனக்குத் தெரிந்த லினக்ஸ் எல்லாம் அந்தப் பென்குயின் படம் மட்டும்தான். நான் அச்சகத்தில் அட்டைப்படம் போடுகிறவன். நல்லவேளை, எங்கள் அலுவலகத்தில் சர்வர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். ரொம்பப் பொறுமைசாலி. விஷயத்தைச் சொன்னதும், "ஒரு பென் டிரைவ் குடுங்க" என்று வாங்கி, மென்பொருளை அதில் போட்டு, செய்முறையும் கைப்பட எழுதிக் கொடுத்தார். இரண்டையும் இத்துடன் அனுப்புகிறேன். எழுதியிருக்கிறபடியே தட்டினால் போதும் என்றார்.

அப்பா புதுச் சட்டைத் துணி வாங்கிவிட்டார். எனக்கும் சேர்த்து. ஒரே கட்டம் போட்ட துணி. சீக்கிரம் வா.

நீ கேட்ட கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

வாலு

மே 24

வாலு,

சௌக்கியம் எல்லாம் அப்புறம். முதலில் என்னைத் திட்டிக்கொள்.

எழுதியிருந்தபடியே தட்டினேன். கம்ப்யூட்டர், 'நீ கொண்டுவந்தது 64, நான் 32' என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லிவிட்டது. எனக்கு வந்ததே கோபம்! பெட்டிமேல் கொட்டை எழுத்தில் 64 என்று ஒட்டியிருக்கிறது, அதற்கே அது தெரியவில்லையா என்று மாமாவிடம் கத்தினேன். அவர் மெதுவாக, "என் நாற்காலியப் பாரு" என்றார். நாற்காலியின் முதுகில் 63. மேசை விசிறியில் 65. ஆபீஸ்காரர்கள் சாமான்களுக்கு ஒட்டின நம்பரடா அது! இத்தனை வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன்.

உங்கள் சர்வர்காரரிடம் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். 'சர்வர் பார்க்கிறவர்' என்றதும் மாமா, "ஓட்டல்லயா?" என்று கேட்டார். விளக்கிச் சொல்லியிருக்கிறேன். 32 அனுப்பச் சொல்.

மழை தொடங்கிவிட்டது. படியெல்லாம் பாசி. நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டே இறங்குகிறேன், நீ கவலைப்படாதே, அம்மாவிடம் சொல்லாதே.

அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன் என்றாயே, மறக்காதே.

அக்கா

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நாற்காலி நம்பர் 63-ஐப் படித்துவிட்டு எங்கள் அலுவலகமே சிரித்தது. "இதுல அவங்க தப்பு ஒண்ணுமில்ல, நான்தான் சரியா விசாரிச்சிருக்கணும்" என்று சர்வர் பார்க்கிறவர் சொன்னார். இந்தத் தடவை 32. கூடவே தேவைப்படலாம் என்று இன்னும் நாலு துணை மென்பொருளும் வைத்திருக்கிறார். படியில் பார்த்து இறங்கச் சொன்னார். டார்ச்சைக் கையில் பிடிக்காமல் நெற்றியில் கட்டிக்கொள்ளச் சொல்லி ஒன்று வாங்கிக் கொடுத்தார். அதுவும் பொட்டலத்தில் இருக்கிறது.

இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. அப்பா நண்பரோடு தினம் பேசுகிறார். நான் அந்த நேரத்தில் மாடிக்குப் போய்விடுகிறேன்.

வாலு

ஜூன் 25

என் அருமை வாலு,

நெற்றி டார்ச் பிரமாதம். இரண்டு கையும் சும்மா இருப்பதால் இறங்கும்போது பாட்டுக்குத் தாளம்கூடப் போடலாம். வாங்கிக் கொடுத்தவருக்கு நூறு நன்றி.

மென்பொருள் கதையைக் கேள். அதைப் போடச் சொன்னால், 'லிப்' என்று பெயர் தொடங்குகிற ஒருத்தர் வந்தால்தான் நான் உள்ளே வருவேன் என்கிறது. நீ அனுப்பிய நாலு பேரில் அவர் இருந்தார். அவரைக் கூப்பிட்டால், இன்னொரு லிப் வராமல் வாசலை மிதிக்க மாட்டேன் என்கிறார். அந்த இன்னொருத்தர் ஏற்கெனவே வீட்டில்தான் இருக்கிறார், ஆனால் பழைய ஆளாம், புதுசுதான் வேண்டுமாம். கல்யாண வீட்டில் நம் சொந்தக்காரர்கள் தோற்றார்கள் போ. 'பெரியவர் நேர்ல வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்', 'அவங்க வந்தா நான் எதுக்கு' — அதே பாட்டுத்தான். திரையில் வந்ததை எழுத்துக்கு எழுத்து பார்த்து எழுதி வைத்திருக்கிறேன். எதையும் கேட்காமல் வலுக்கட்டாயமாக ஏற்றுகிற வழி ஒன்று உண்டாமே, செய்து பார்க்கட்டுமா என்று கேட்டுச் சொல்.

இப்போது உன் விஷயம். நீயும் இரண்டு கடிதமாக 'பார்க்கிறவர்', 'சொன்னார்', 'கொடுத்தார்' என்று மரியாதையாக எழுதிக்கொண்டு வருகிறாய். தமிழில் இது ஒரு வசதி. 'ர்' போட்டுவிட்டால் ஆணா பெண்ணா என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் போன கடிதத்தில் 'டார்ச் வாங்கிக் கொடுத்தார்' என்ற இடத்தில் முதலில் 'ள்' எழுதி, அதை அடித்து, அதன்மேல் 'ர்' எழுதியிருக்கிறாய். நன்றாக அடித்திருக்கலாம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன், அதுவும் அவள் கொடுத்த டார்ச் வெளிச்சத்தில்.

அடப்பாவி, 'ள்' வரைக்கும் போயிருக்கிறது, அக்காவிடம் சொல்லத் தோன்றவில்லையா? எனக்கு அழுகை வருகிற அளவுக்குச் சந்தோஷமடா. இப்போது வெங்காயமும் இல்லை.

அக்கா

ஜூலை 16

மதிப்பிற்குரிய மேடம் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சாரும் நலம் என நம்புகிறேன்.

தங்கள் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து தங்கள் தம்பி பேனாவைத் தொடவில்லை. கேட்டால், "நாளைக்கு எழுதறேன்" என்கிறார். நாட்கள் போவதால் நானே எழுதுகிறேன்.

வலுக்கட்டாயமாக ஏற்ற வேண்டாம். அந்தப் பழைய லிப்பை நம்பித்தான் மற்ற எல்லாமே அங்கே ஓடிக்கொண்டிருக்கின்றன. அதைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் மொத்தமாகப் படுத்துவிடலாம்.

நான் செய்த தவறு, உங்கள் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமலே ஆள் அனுப்பிக்கொண்டிருந்ததுதான். இணைத்துள்ள தாளில் ஒரே ஒரு கட்டளை இருக்கிறது. அதைத் தட்டினால் கம்ப்யூட்டரில் உள்ள எல்லாவற்றின் பெயரும் பதிப்பும் பென் டிரைவில் பதிவாகும். அதை அனுப்புங்கள். இங்கே ஒரு பழைய கம்ப்யூட்டரில் அச்சு அசலாக உங்களுடையதைப் போலவே அமைத்து, அதன் இன்டர்நெட் வயரைப் பிடுங்கிவிட்டு, நானே போட்டுப் பார்த்து, ஓடிய பிறகே அனுப்புவேன்.

டார்ச் பிடித்திருந்ததில் மகிழ்ச்சி. அந்த 'ள்' பற்றி நான் ஏதும் சொல்வதற்கில்லை. அடித்தவர்தான் சொல்ல வேண்டும்.

பணிவுடன்,
சர்வர் பார்ப்பவர்

ஜூலை 28

அன்புள்ள சர்வர்காரிக்கு,

மேடமாவது சாராவது! உள்ளே நாற்காலியில் இருப்பவர், 'சார்' என்று படித்ததும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். பத்து நிமிஷத்துக்கு என்னிடம் டீகூடக் கேட்கவில்லை.

நீ கேட்டது பென் டிரைவில் இருக்கிறது. 'வலுக்கட்டாயம் வேண்டாம்' என்று நீ எழுதிய இடத்தை இரண்டு தடவை படித்தேன். எங்கள் அப்பாவிடம் பேசப் போகிற எனக்கும் அது உதவும்.

ஆற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கிறது. ஆகஸ்ட் கடைசி நெருங்கிவிட்டது என்பது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கோழைக்கும் தெரியும். ஒரு கேள்வி மட்டும் கேட்கிறேன். அவனோடு சரிப்பட்டு வருமா உனக்கு? அவன் ஈரத் துண்டைக் கட்டிலில்தான் போடுவான்.

அக்கா என்றே கூப்பிடலாம்

ஆகஸ்ட் 11

அக்கா,

நான்தான். கோழை.

ஆமாம், அவள்தான். இந்தத் தடவை அடிக்கவில்லை, பார்த்துக்கொள். உன்னிடம் சொன்னால் நிஜமாகிவிடும், நிஜமான பிறகு அப்பா வேண்டாம் என்றால் தாங்க முடியாது என்று பயந்தேன். அதனால்தான் எழுதவில்லை. அவள் உன் கடிதத்தைத் தன் கைப்பையில் வைத்துக்கொண்டு சுற்றுகிறாள். ஈரத் துண்டைப் பற்றி விசாரணை நடந்தது. ஒப்புக்கொண்டேன்.

உங்கள் கம்ப்யூட்டருக்கு இங்கே ஒரு இரட்டைப் பிள்ளை தயார் பண்ணி, மென்பொருளை அதற்குத் தோதாகப் மூலத்திலிருந்து புதிதாகவே உருவாக்கி (கம்பைல் என்கிறாள்), தேவையான லிப்புகள் எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் வைத்திருக்கிறாள். ஒன்று ஒன்றாகக் கூப்பிடாதே, எல்லாரையும் ஒரே கட்டளையில் உள்ளே விடு, யார் முன்னால் யார் பின்னால் என்று கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்ளும் என்கிறாள்.

அப்பா 30-ம் தேதிக்கு வண்டி சொல்லிவிட்டார். கட்டம் போட்ட சட்டை தைத்து வந்துவிட்டது. அக்கா, எப்படியாவது வந்துவிடு.

வாலு

ஆகஸ்ட் 19

வாலு,

ஏறிவிட்டது! ஏறிவிட்டதடா!

அத்தனை லிப்பும் வரிசையாக, ஒருத்தரும் முறைத்துக்கொள்ளாமல் உள்ளே போனார்கள். கடைசியில் திரையில் நீர்மட்டம் வந்து நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. மழையோடு படியிறங்கிப் போய்க் கம்பத்தைப் பார்த்தேன். அதே எண். கீழேயிருந்து நான் கத்தினேன், மேலேயிருந்து மாமா கத்தினார். ஆற்றுச் சத்தத்தில் இரண்டு பேருக்கும் ஒன்றும் கேட்கவில்லை, ஆனாலும் ரொம்ப நேரம் கத்திக்கொண்டிருந்தோம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் வண்டி திரும்பி வந்ததும் அதில் ஏறுகிறேன். அப்பாவிடம் வாயைத் திறக்காதே. நீ திறக்க மாட்டாய், தெரியும்.

அக்கா

செப்டம்பர் 3

அன்புள்ள சர்வர்காரிக்கு,

நேற்றுத்தான் திரும்பி வந்தேன். மாமா நலம், கம்ப்யூட்டர் நலம். உன்னை நேரில் பார்க்க நேரமில்லாமல் போனதில் எனக்கு வருத்தம்தான். லீவு அவ்வளவுதான் கிடைத்தது. வீட்டில் நடந்ததை வாலு அரையும் குறையுமாகச் சொல்லியிருப்பான். அவன் மாடியில் இருந்தான். நான் சொல்கிறேன்.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அவனுக்கு அங்க இஷ்டமில்லப்பா."

"யார் சொன்னா? தலையாட்டினானே!"

"வாயில சாப்பாடு இருந்துச்சாம்."

"முழுங்கிட்டுச் சொல்லியிருக்கலாமில்ல? வேற யாரையாவது மனசுல வெச்சிருக்கானா?"

"வெச்சிருக்கான்."

குதிக்கப் போகிறார் என்று காத்திருந்தேன். குதிக்கவில்லை. பேப்பரை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார். "வாக்குக் குடுத்துட்டேனேம்மா. என் ஃப்ரெண்ட் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" என்றார். எனக்குப் பாவமாகிவிட்டது. இத்தனை நாளும் நாங்கள் கோபம் என்று பயந்தோம், அவருக்கு இருந்தது சங்கடம்.

ஃபோனை எடுத்து அந்த நண்பரைப் பிடித்து, அப்பா கையில் கொடுத்துவிட்டேன். அப்பா தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்ததும் அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. "அட நீ வேற! என் பொண்ணும் மாட்டவே மாட்டேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு நான் முழிச்சிட்டு இருக்கேன்!"

அப்பாவுக்கு நிம்மதி வரும் என்றுதானே நினைப்பாய்? ஃபோனை வைத்தார், அப்போதுதான் வந்தது கோபம். "என் பையனுக்கு என்ன குறைச்சல்னு மாட்டேங்குறா அவ?" என்று கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தார். அம்மா சமையலறையில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நான் வண்டி ஏறும்போதுதான் சொன்னார். "வர ஞாயித்துக்கிழமைக்கு அடுத்த ஞாயிறு போய் அந்தப் பொண்ணப் பாக்கறேன். பாக்கறேன்னுதான் சொல்றேன். சரின்னு சொல்லல."

இனி உன் கையில். அவர் ஏதாவது ஏடாகூடமாகக் கேட்பார். உள்ளதைச் சொல்லிவிடு. என்ன ஆயிற்று என்று அன்றைக்கே எழுது. இங்கே எனக்கு இருப்புக்கொள்ளாது.

அக்கா

செப்டம்பர் 13, ஞாயிறு

அன்புள்ள ...................க்கு,

நானும் வீட்டாரும் சுகம். தாங்கள் இருவரும் சுகம்தானே?

மேலே புள்ளி வைத்து விட்டிருக்கிறேன். மேடம் என்றால் உங்களுக்குப் பிடிக்காது. அக்கா என்றால் வாலுவுக்குச் சொந்தமான சொல்லைத் திருடிய மாதிரி இருக்கிறது. வேறு எதையாவது எழுதலாம் என்றால் அதற்கு இன்னும் உங்கள் அப்பா சம்மதிக்கவில்லை. மாலை வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா காத்திருக்க முடியவில்லை, அதனால் இப்போதே எழுத உட்கார்ந்தேன். வாசலில் வண்டிச் சத்தம்.

வந்து போய்விட்டார்கள்.

உங்கள் அம்மா வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், கிளம்பும் வரை விடவில்லை. உங்கள் தம்பி நாற்காலி நுனியில் உட்கார்ந்து தன் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பாவும் மகனும் ஒரே கட்டம் போட்ட சட்டை. நான் சிரிக்காமல் இருக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்கள் அப்பா என் படிப்பைக் கேட்கவில்லை, வேலையைக் கேட்கவில்லை. காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "உனக்குக் கோவம் வருமாம்மா?" என்றார்.

என் அப்பா எனக்குக் கண்ணைக் காட்டினார். நீங்கள் உள்ளதைச் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். "வரும்" என்றேன்.

"எதுக்கு வரும்?"

"கேக்காம யாராவது முடிவு பண்ணினா வரும்."

உங்கள் தம்பி கால் விரலையும் விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எல்லாம் போச்சு என்றுதான் நினைத்தேன்.

உங்கள் அப்பா மெதுவாக, "எங்க வீட்ல நான் ஒருத்தன்தாம்மா தனியா உக்காந்து கோவப்பட்டுட்டு இருக்கேன். இத்தனை வருஷமாத் துணைக்கு ஒரு ஆள் கெடையாது" என்றார். முதலில் சிரித்தது உங்கள் அம்மா. அப்புறம் யார் யார் சிரித்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை, என் கண் சரியாகத் தெரியவில்லை.

எல்லாரும் எழுந்தபோது உங்கள் அப்பா மேசைமேல் இருந்த இந்தத் தாளைப் பார்த்தார்.

"யாருக்கு எழுதற?"

"உங்க பொண்ணுக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முதல் வரியைப் படித்தார். "என்னம்மா இது, பேர் இடத்துல மொட்டையா விட்டிருக்க? மொட்டைக் கடுதாசியா எழுதற? உனக்கு நாத்தனார்தானே, அண்ணின்னு போடு."

புள்ளிகளுக்குமேல் எழுத இடம் போதவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், அண்ணி.